சோறு இல்லாமல் 30 நாள்... பேலியோ தொடங்கும் சர்க்கரை நோயாளிகள் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைச் சீட்டை!

சென்னை - கும்பகோணம் சாலையும் திருச்சி - சிதம்பரம் சாலையும் சந்திக்கும் ஊர் மீன்சுருட்டி. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ஐப்பசி பௌர்ணமியில் அந்தக் கோயிலில் நடக்கும் அன்னாபிஷேகம் ஊரறிந்தது. 13 அடிக்கும் மேல் உயரமான லிங்கத் திருமேனியை, மூட்டை மூட்டையாக அரிசி வடித்த சாதத்தால் மூடுவார்கள். பக்கத்திலேயே ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி. ஏரி, வயல், நெல், சோறு என்று ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த வட்டாரம் இது.

சாமிக்கே சோறு சாத்தும் ஊர்ப்பக்கத்தில், 'நாளையிலிருந்து ஒரு மாசத்துக்கு எனக்குச் சோறு வேண்டாம்' என்று வீட்டில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால், அப்படிச் சொல்பவர்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். காரணம், சர்க்கரை நோய். அவர்கள் கையில் எடுப்பது, பேலியோ டயட்.

இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி எதுவும் இல்லாமல் ஒரு மாதம் இருந்தால் சுகர் குறையுமா? குறையும். பெரும்பாலோருக்கு நன்றாகவே குறையும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் அது ஆபத்தில் முடியலாம். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 30 நாள் முடிந்து 31-வது நாள் என்ன சாப்பிடுவது?

பத்தில் ஒருவருக்கு மேல்!

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

அதே ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 310 கிராம் மாவுச்சத்து. காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவு தோசை அல்லது பரோட்டா. நம் வீடுகளில் இது சாதாரணமாக நடப்பதுதான்.

இந்த 310 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கற்காலமும் லண்டன் கடைக்காரரும்

'விவசாயம் வருவதற்கு முன் மனிதன் என்ன சாப்பிட்டானோ அதைச் சாப்பிடு' என்பதுதான் பேலியோவின் அடிப்படை. இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, கொட்டைகள் உண்டு. தானியம், பருப்பு, சர்க்கரை கிடையாது.

1985-ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய மருத்துவக் கட்டுரை இந்தக் கருத்துக்கு அறிவியல் உலகில் கவனம் வாங்கித் தந்தது. 2002-ல் லாரன் கார்டெய்ன் எழுதிய புத்தகம் அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. தமிழில் இதைப் பரவலாக்கியவர் நியாண்டர் செல்வன். தினமணி இணையதளத்தில் தொடராக அவர் எழுதிய 'பேலியோ டயட்', பிறகு கிழக்கு பதிப்பகத்தின் நூலாக வந்தது.

மாவுச்சத்தைக் குறைத்து உடம்பைக் குறைப்பது அதற்கும் பழைய கதை. 1863-ல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்ற சவப்பெட்டிக் கடைக்காரர், தன் டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கைத் தவிர்த்து இளைத்த அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். அதே 1863-ல்தான் சென்னை பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். கற்கால மனிதனும் எடைக்குறைப்பு டயட்டும் ஒன்றாகச் சேர இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நம்ம ஊர் பேலியோவும் வெளிநாட்டு பேலியோவும் ஒன்றா?

இல்லை. பலர் கவனிக்காத விஷயம் இது.

கார்டெய்ன் சொல்லும் பேலியோவில் பழங்கள் உண்டு. பால், தயிர், வெண்ணெய் கிடையாது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் கடைப்பிடிக்கும் பேலியோவில் நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் உண்டு. பெரும்பாலான பழங்கள் கிடையாது. மாவுச்சத்து ஒரு நாளைக்கு 40, 50 கிராமுக்குள். கொழுப்பு அதிகம். பெயர் பேலியோ என்றாலும், நடைமுறையில் இது 'குறைந்த மாவு, நிறைந்த கொழுப்பு' உணவுமுறை.

இதை ஏன் சொல்ல வேண்டும்? 'பேலியோவில் சுகர் குறையும் என்று வெளிநாட்டு ஆய்வே சொல்கிறது' என்று பலர் பகிர்கிறார்கள். அந்த ஆய்வுகள் உண்மைதான். 2007-ல் ஸ்வீடனின் ஸ்டாஃபன் லிண்ட்பெர்க் குழு, இதய நோயோடு சர்க்கரைப் பிரச்னையும் இருந்த 29 ஆண்களை 12 வாரம் ஆராய்ந்தது. பேலியோ குழுவில் குளூக்கோஸ் பரிசோதனை அளவு 26 சதவிகிதம் குறைந்தது. மத்திய தரைக்கடல் பாணி உணவுக் குழுவில் 7 சதவிகிதம்தான். 2009-ல் இன்னொரு ஸ்வீடன் ஆய்வில் 13 டைப்-2 நோயாளிகள் மூன்று மாதம் பேலியோ, மூன்று மாதம் வழக்கமான சர்க்கரை நோய் உணவு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். பேலியோவில் மூன்று மாத சர்க்கரை சராசரியான ஹெச்பிஏ1சி 0.4 புள்ளி குறைவாகவும், எடை 3 கிலோ குறைவாகவும் இருந்தது.

நல்ல முடிவுகள். ஆனால், அந்த ஆய்வுகளில் பேலியோ குழுவினர் சாப்பிட்டதில் பழமும் கிழங்கும் இருந்தன, வெண்ணெய் இல்லை. எனவே அந்த எண்களை நெய்யில் வறுத்த பாதாமுக்கும் வெண்ணெய் டீக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

நம் ஊர் பேலியோவுக்கு நெருக்கமான ஆதாரம், குறைந்த மாவு உணவு பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது. 2021-ல் பி.எம்.ஜே மருத்துவ இதழ், இப்படிப்பட்ட 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆறு மாத முடிவில், ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தவர்கள் குறைந்த மாவு உணவில் 57 சதவிகிதம். மற்ற உணவுகளில் 31 சதவிகிதம். ஆனால், ஒரு வருடம் ஆனபோது இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. காரணங்களில் முக்கியமானது, நாளாக ஆக உணவுக் கட்டுப்பாடு தளர்ந்துபோவது.

ஒரு மாதம் எப்படிப் போகும்?

மீன்சுருட்டிக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் 50 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஏழெட்டு வருடமாகச் சுகர். காலையிலும் இரவிலும் மாத்திரை. இன்று பேலியோ தொடங்குகிறார்.

முதல் நாள் காலை, ஊறவைத்து நெய்யில் வறுத்த 100 பாதாம். மதியம் நான்கு முட்டையும் கீரைப் பொரியலும். மாலையில் சர்க்கரை போடாத ஒரு டம்ளர் டீ. இரவு நாட்டுக்கோழி அல்லது மீன், கூடவே கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை ஏதாவது ஒன்று. உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி, வாழைக்காய் கிடையாது. 'சோறுதானே கூடாது, சாமை சாப்பிடலாமே' என்றால், அதுவும் கிடையாது. சாமையும் வரகும் குதிரைவாலியும் தானியங்களே.

முதல் வாரம்: சாப்பிட்ட பிறகு பார்க்கும் சுகர் முதல் நாளே இறங்கத் தொடங்கிவிடும். மாவு உள்ளே போகவில்லை, அதனால் ஏறவில்லை. எடையும் மளமளவென்று குறையும். அதில் மகிழ்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் குறையும் கிலோக்களில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இதே நாட்களில் தலைவலி, அசதி, கெண்டைக்காலில் இழுப்பு, மலச்சிக்கல், வாய் நாற்றம் வரலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். ஏற்கெனவே பி.பி மாத்திரை போடுபவருக்கு இதனால் ரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: பசி அடங்கும். வெறும் வயிற்று சுகரும் இறங்கும். 'சாப்பிட்டதும் வரும் தூக்கம் போய்விட்டது' என்று பலர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். சோதனைகளும் இப்போதுதான் வரும். கல்யாண வீட்டுப் பந்தியில், 'என்ன மாமா, இலையில ஒரு கை சோறுகூட வேண்டாமா?' என்று கேட்பார்கள். அமாவாசை, கிருத்திகை என்றால் அசைவம் கூடாது. புரட்டாசி மாதமென்றால் பல வீடுகளில் மாதம் முழுக்கவே கூடாது. முட்டையும் கறியும் இல்லாத நாளில் பனீர், தேங்காய், காய்கறியோடு சமாளிக்க வேண்டும்.

நான்காவது வாரம்: சிலர் இந்தக் கட்டத்தில் ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்து ஏமாறுவார்கள். ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். ஹெச்பிஏ1சி அளவில் ஏறத்தாழ பாதியைத்தான் கடைசி ஒரு மாதம் தீர்மானிக்கும். மீதி, பேலியோவுக்கு முந்தைய இட்லி, தோசையின் கணக்கு. 30-வது நாளில் பார்க்க வேண்டியது வெறும் வயிற்று சுகரும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகரும். ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கும் பெண்களுக்கு இந்த டெஸ்ட் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு.

மாத்திரைதான் முக்கியம்

இப்போது அந்த 310-க்கு வருவோம். நம் கடைக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அளவு, அவர் தினமும் சுமார் 300 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முடிவு செய்தது. பேலியோ தொடங்கிய அன்றே அது 50 கிராமுக்குள் வந்துவிட்டது. ஆறில் ஒரு பங்கு. சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு மாத்திரை மட்டும் அதே அளவில் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பது, எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு: இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இட்லி சாப்பிட்டீர்களா, பாதாம் சாப்பிட்டீர்களா என்று மாத்திரைக்குத் தெரியாது. காலையில் மாத்திரை போட்டு, சோறில்லாமல் இருந்தால் சுகர் 70-க்குக் கீழே இறங்கித் தாழ்சர்க்கரை நிலை வரலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், கண் மங்கும், பேச்சு குழறும். நெடுஞ்சாலையில் டூ வீலர் ஓட்டும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்சுலின் ஊசி: இதே ஆபத்து, இன்னும் வேகமாக. டாக்டர் அளவை மாற்றிக் கொடுக்காமல் பேலியோ தொடங்கவே கூடாது.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், குளூக்கோமீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலே இருக்கலாம். 'சுகர் நார்மலாத்தானே இருக்கு' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வகை மாத்திரைகளின் இந்த ஆபத்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்தது. இவற்றைப் போடுபவர்கள் குறைந்த மாவு உணவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் சொன்னது.

மெட்ஃபார்மின்: இதை மட்டும் போடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனால், ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். அட்டையைத் திருப்பி, பெயரைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள்.

பி.பி-க்காகவோ இதயத்துக்காகவோ அடெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். தாழ்சர்க்கரையின்போது வரும் நடுக்கமும் படபடப்பும் அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். வியர்வை ஒன்றுதான் அறிகுறியாக நிற்கும்.

தாழ்சர்க்கரை வந்துவிட்டால் 'பேலியோ கெட்டுப்போகும்' என்று யோசிக்கவே கூடாது. உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் 15 கிராம். பாதாமும் முட்டையும் இந்த நேரத்தில் உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. மூன்றாம் நாள் சுகர் நன்றாக இருக்கிறது என்று எல்லா மாத்திரைகளையும் தாங்களே நிறுத்திவிடுவது. எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

'டாக்டரிடம் சொன்னால் திட்டுவார்' என்று மறைப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'நாளையிலிருந்து சோறு, இட்லியை நிறுத்தப்போறேன் டாக்டர். இந்த மாத்திரையில எதையெல்லாம் குறைக்கணும்?'

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பி.பி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், மாத்திரை வாசலுக்கு வருவதால் டாக்டரைப் பார்ப்பது தள்ளிப்போகவும் கூடும். சாப்பாட்டை மாற்றும் முன் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ நேரில் போய்விடுவது நல்லது.

யார் தொடங்கவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக பாதிப்பு உள்ளவர்கள், உணவு சார்ந்த மனநலக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மிகக் குறைந்த மாவு உணவை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கை பரிந்துரைக்கவில்லை. சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப்-1 நோயாளிகளும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

பல வருடச் சுகர் உள்ளவர்கள் கண் விழித்திரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருந்தால், சர்க்கரை திடீரென வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம். யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் மூட்டுவலி கிளம்பலாம். சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல் ஏறும்.

எனவே தொடங்கும் முன் எடுக்க வேண்டிய டெஸ்ட்டுகள்: வெறும் வயிற்று சுகர், சாப்பிட்ட பின் சுகர், ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின், கொழுப்பு அளவுகள், யூரிக் அமிலம், பி.பி, கண் பரிசோதனை.

செலவு யார் தலையில்?

தினமும் 100 பாதாம் என்பது 100 முதல் 120 கிராம். ஒருவருக்கு மட்டும் மாதத்துக்கு 3 கிலோவுக்கு மேல். நாளுக்கு நான்கு முட்டை என்றால் 120 முட்டை. தினம் அரை கிலோ கறி அல்லது மீன் என்றால் 15 கிலோ. ரேஷனில் 2011-லிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு தாங்காது.

சுமை பணத்தோடு முடிவதில்லை. பிள்ளைகளுக்கு இட்லி, மாமியாருக்குக் கஞ்சி, கணவருக்குப் பேலியோ என்று ஒரே அடுப்படியில் மூன்று சமையல். பல வீடுகளில் அந்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கும் சுகர் இருக்கும். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டு முடிப்பவரும் அவரேதான்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரித் தோப்பு. 'எங்கிருந்தோ வரும் பாதாமுக்குப் பதில் நம்ம ஊர் முந்திரியைச் சாப்பிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். 100 கிராம் முந்திரியில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. பாதாமில் சுமார் 21 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. எனவே முந்திரி பாதாமுக்கு ஈடாகாது. ஆனால், வேர்க்கடலை ஈடாகும். அதில் சுமார் 16 கிராம், பாதி நார். விலையும் குறைவு. 'அது பருப்பு வகை' என்று பேலியோ அதை ஒதுக்குகிறது. பேலியோவின் விதி வேறு, சுகரின் கணக்கு வேறு என்பதற்கு இந்த ஒரு கைப்பிடிக் கடலையே உதாரணம்.

31-வது நாள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். '30 நாள் முடிஞ்சுது' என்று பிரியாணியோடு கொண்டாடுவார்கள். ஒரு மாதமாக மாவைப் பார்க்காத உடம்பு, திடீரென வரும் மாவைச் சமாளிக்கத் திணறும். சுகர் முன்பைவிட அதிகமாகத் துள்ளும். குளூக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் டெஸ்ட்டுக்கு முன் மூன்று நாள் தினம் 150 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற விதி இருப்பதும் இதனால்தான்.

இன்னும் பெரிய ஆபத்து, மாத்திரையைக் குறைத்துவிட்டுச் சோற்றைப் பழையபடி கூட்டுவது. சாப்பாடு பழைய நிலைக்குத் திரும்பினால், மாத்திரை அளவையும் டாக்டரிடம் மறுபடி பேசியாக வேண்டும்.

'எனக்குச் சுகர் போயே போச்சு' என்று சொல்வதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. சுகர் மாத்திரைகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அது தணிந்த நிலை என்று 2021-ல் சர்வதேச வல்லுநர் குழு வரையறுத்தது. அப்போதும் வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை தேவை. ஒரு மாத பேலியோவால் இதை நிரூபிக்க முடியாது.

அரைத் தட்டுச் சோறு

பேலியோவும் வேண்டாம், பழைய சாப்பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு என்ன வழி? 2022-ல் ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் குழு, 18,090 பேரின் உணவுத் தகவல்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் தணிந்த நிலையை எட்ட, கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவிகிதமாகக் குறைந்து, புரதம் 19, 20 சதவிகிதமாக உயர்ந்தால் வாய்ப்பு அதிகம் என்றது.

இதைத் தட்டில் மாற்றிப் பார்த்தால்: சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியல், கீரையால் நிரப்புவது. ஒரு வேளையாவது முட்டை, மீன், சுண்டல், பனீர் ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது. சர்க்கரை போட்ட டீயையும் பிஸ்கட்டையும் நிறுத்துவது. இரவு டிபனில் இரண்டு இட்லியைக் குறைத்து, சாம்பாரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வது. தினம் அரை மணி நேரம் நடப்பது. இதற்குத் தனிச் சமையலும் வேண்டாம், மூன்று கிலோ பாதாமும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடலாம். 31-வது நாள் என்ற ஒன்றும் இதில் கிடையாது. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்தச் சின்ன மாற்றத்தைக்கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

பேலியோதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் தாராளமாக எடுக்கலாம்; பலருக்கு அது பலன் தருகிறது. தொடங்குவதற்கு முன் இந்த ஐந்தையும் முடித்துவிடுங்கள்.

1. மேலே சொன்ன டெஸ்ட்டுகளை எடுத்து, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

2. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போய், எதைக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள்.

3. வீட்டில் ஒரு குளூக்கோமீட்டர் வையுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

4. சட்டைப்பையிலோ கைப்பையிலோ சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

5. முப்பது நாளுக்குப் பிறகு எவ்வளவு சோறு, எத்தனை இட்லி என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

இந்த மாதம் ஐப்பசியாக இருந்து, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து யாராவது அன்னாபிஷேகப் பிரசாதம் கொண்டுவந்து நீட்டினால்? ஒரு கைப்பிடிச் சோற்றால் ஒரு மாத முயற்சி வீணாகிவிடாது. வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகரைப் பார்த்து, நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் உடம்பு எவ்வளவு சோற்றைத் தாங்கும் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.